அரையாண்டு லீவு: மலைக்கா, அம்மா வீட்டுக்கா, வீட்டிலேயேவா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினால் ஜனவரி பிறக்கும்வரை பிள்ளைகள் வீட்டில்தான். சேலத்து வீடுகளில் அப்போது ஒரு பேச்சு தவறாமல் எழும். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாலே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை தெரிகிறது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார்கள். முப்பது கிலோமீட்டரில் இருக்கிற நாம் போகாமல் இருப்பதா? பேச்சு எழுந்த வேகத்தில் யாராவது ஒருவர் போனில் ரூம் தேட ஆரம்பித்துவிடுவார். அந்த ஒருவர் பெரும்பாலும் அந்த வீட்டில் சமைக்காதவராக இருப்பார்.

ஆறு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பெரியவள் யு.கே.ஜி., சின்னவனுக்கு ஒன்றரை வயது, கூடவே அத்தையும் இருக்கிறார். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அதனால் டிசம்பர் 24 ராத்திரியும் 25-ம் எங்களுக்கு ஓய்வு நாட்கள் இல்லை, வேலை மிகுந்த நாட்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத வீடுகளுக்கு அந்த இரண்டு நாள் கணக்கு கொஞ்சம் மாறும். மீதி எல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. ஏற்காட்டில் ரூம் போட்டு இரண்டு ராத்திரி தங்கலாம். காலையில் ஏறி மத்தியானம் இறங்கலாம். என் அம்மா வீடு இருக்கும் மேட்டூருக்குப் போகலாம். அல்லது எங்கும் போகாமல் சேலத்திலேயே இருக்கலாம். இவற்றை ஒப்பிட நான் இரண்டே கேள்வி வைத்திருக்கிறேன். சின்னதின் மத்தியானத் தூக்கம் எங்கே நடக்கும்? அடுத்த வேளைச் சோறு யார் கையால் வரும்? போட்டோ நன்றாக வருமா, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு எந்தக் காட்சி முனையில் நின்றும் பயனில்லை. லீவு என்று ஒன்று வந்தால் அது அம்மாவுக்கும் கொஞ்சம் வர வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்காரியாகத்தான் தீர்ப்பும் சொல்லப்போகிறேன்.

மலையில் இரண்டு ராத்திரி

ஆசை அதிகமுள்ள வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் என்றால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. சேலத்தில் மின்விசிறி ஓடுகிற டிசம்பர் மத்தியானத்தில் அங்கே முழுக்கைச் சட்டை கேட்கும், ராத்திரியில் கம்பளி கேட்கும். பெரியவர்களுக்கு இது சுகம். சின்னதுகளுக்கு ஏற்கெனவே லேசாகச் சளி இருந்தால் சுகமில்லை. மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாது, பால் குடிக்காவிட்டால் தூக்கம் வராது, அது தூங்காவிட்டால் அந்த ஒரே ரூமில் இருக்கும் நான்கு பேருக்கும் தூக்கமில்லை. வீட்டில் என்றால் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம். அங்கே அடுத்த அறை என்பது குளியலறைதான்.

சேலத்துப் பிள்ளைகளிடம் ஸ்வெட்டர் இருக்காது என்பதும் ஒரு செலவு. வாங்கினால் இரண்டு நாள் போடுவார்கள், அடுத்த வருஷம் கை ஏறாது. பெரியம்மா வீட்டில் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சிக்கல். சின்னவன் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவான். ரிசார்ட்டில் காலை டிபன் எட்டு மணிக்குத்தான். நடுவிலுள்ள இரண்டரை மணி நேரத்தை எலெக்ட்ரிக் கெட்டிலும் பிஸ்கெட்டும் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மத்தியானம் ரூமுக்குப் போன் செய்து, “சாதம் கொஞ்சம் குழைவா, பருப்பில் மிளகாய் வேண்டாம்” என்று சொன்னால், டிசம்பர் கடைசி வாரக் கூட்டத்தில் அது வந்து சேர்வதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்து பசியோடு தூங்கியிருக்கும். சரி, சமையலறையோடு காட்டேஜ் எடுத்துவிடலாமே என்பார்கள். எடுக்கலாம். வீட்டில் சீரகம் எந்த டப்பாவில் என்று இருட்டிலும் கை போகும். அங்கே கேஸ் லைட்டர் எங்கே என்று தேடுவதிலேயே நம் விடுமுறை தொடங்கும். சமையலறை மாறியதே தவிர சமைப்பவர் மாறவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் ரூம் வாடகை சாதாரண நாளை விட நன்றாகவே எகிறும். சில ரிசார்ட்டுகள் 24, 31 இரவுகளுக்கு விருந்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டச் சொல்லும், வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். அந்த விருந்து தொடங்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள், பாட்டுச் சத்தம் ஜன்னலில் இடிக்கும்போது எழுந்துகொள்வார்கள். முன்பதிவு செய்யும்போது விருந்து கட்டாயமா, ஸ்பீக்கர் எத்தனை மணிவரை, வெந்நீர் எந்நேரம் வரும், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் ரூம் எடுக்க வேண்டாம்.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் ராத்திரி காய்ச்சல் ஏறி, குழந்தை டாக்டரிடமே காட்டியாக வேண்டும் என்றானால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். பனிமூட்டத்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளில், பின்சீட்டில் கொதிக்கிற பிள்ளையோடு. நடக்காமல் போகலாம். நடந்தால் என்ன செய்வது என்பதற்கு வீட்டில் யாரிடமும் பதில் இருந்ததில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இதன் நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஏற்காட்டின் நல்ல நேரங்கள் எல்லாம் தங்குகிறவர்களுக்கே கிடைக்கும். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடைகூடத் திறந்திருக்காது. பனி தண்ணீருக்கு மேலேயே கிடக்கும். சாயங்காலம் ஒருநாள் கூட்டம் இறங்கிப் போன பிறகு சாலையில் பிள்ளையை இறக்கி நடக்கவிடலாம். இருட்டியதும் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து பார்த்தால் மொத்தச் சேலமும் விளக்காகத் தெரியும். நம் வீடு எந்தப் பக்கம் என்று பெரியவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள். பகலில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கடைசிப் பிள்ளைக்கு நான்கு வயது தாண்டிவிட்டதா, அல்லது பாட்டி தாத்தாவும் கூட வருகிறார்களா, தாராளமாகத் தங்குங்கள். இரண்டு பெரியவர்களும் இரண்டு சின்னதுகளும் மட்டும் என்றால் நான் வேண்டாம் என்பேன்.

ஏறி இறங்கும் ஒரு நாள்

இந்த வழியின் வெற்றி தோல்வி முழுவதும் அந்த மலைப்பாதையில்தான். கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வந்ததும் வளைவுகள் ஆரம்பம். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு, அது சுற்று.

வண்டியில் வாந்தி எடுப்பது பெரும்பாலும் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள். அதற்குக் கீழே உள்ள கைக்குழந்தைகளுக்கு அவ்வளவாக வராது. அதனால் எங்கள் வண்டியில் கவலை சின்னவனைப் பற்றியல்ல, பெரியவளைப் பற்றி. வண்டி திரும்புவதை உள்காது உணர்கிறது, கண்ணோ கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டு ‘அசைவே இல்லையே’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. ஏறும்போது பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று போனைக் கொடுப்பவர்கள் மூன்றாவது வளைவிலேயே வண்டியை ஓரம் கட்டுவது இதனால்தான். படம் வரையும் புத்தகமும் அப்படியே. கண் வெளியே, தூரத்தில் இருக்க வேண்டும்.

வளைவுகளுக்கு எண் போட்டிருப்பது இதற்கு நல்ல உதவி. எண்ணத் தெரிந்த பிள்ளையிடம் “அடுத்த நம்பரை யார் முதலில் பார்க்கிறது?” என்று விட்டுவிட்டால் கண் தானாக முன்கண்ணாடி வழியே போகும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். பால் வேண்டாம், அதற்காக வெறும் வயிறும் வேண்டாம். வாந்தி மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதைப் பிள்ளையின் டாக்டரிடம் கேளுங்கள், மருந்துக் கடைக்காரரிடம் அல்ல. கவர், ஈரத்துண்டு, ஒரு செட் மாற்றுத் துணி மூன்றும் கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். டிக்கியில் வைத்துவிட்டுப் பத்தாவது வளைவில் வண்டி நிறுத்த இடம் தேடும் குடும்பங்களை எல்லா வருஷமும் பார்க்கலாம்.

கைக்குழந்தைக்குக் காது அடைக்கும். விழுங்கினால் விட்டுவிடும். ஏறும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், ஒரு மிடறு தண்ணீர் அவ்வப்போது. முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போவதை மட்டும் இந்தப் பாதையிலாவது விட்டுவிடுங்கள். ஓட்டுகிறவருக்கும் இரண்டு வார்த்தை: ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவதுதான் மலைப்பாதை முறை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

வாந்தியைத் தாண்டிவிட்டால் மற்றது நேரக் கணக்கு. காலை ஆறரைக்கெல்லாம் வீட்டுப் படி இறங்கினால்தான் இந்தத் திட்டம். ஒன்பது மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் வீட்டிலேயே இருப்பது மேல். லீவு நாட்களில் பதினொன்றரைக்குப் பிறகு ஏரியைச் சுற்றி வண்டி நகராது. நீங்கள் காரில் உட்கார்ந்து ஏற்காட்டைப் பார்க்கலாம், அவ்வளவுதான். காலையிலேயே போனால் கூட்டம் சேர்வதற்கு முன் முதல் படகில் ஏறிவிடலாம், பக்கத்திலேயே அண்ணா பூங்காவில் பிள்ளைகளை ஓடவிடலாம். கிளியூர் அருவிப் பக்கம் சின்னதுகளோடு போகவே வேண்டாம். இறங்குவதை விடுங்கள், ஏறி வரும்போது பிள்ளை நடக்காது, நீங்கள்தான் சுமக்க வேண்டும். பகோடா பாயிண்ட் போகலாம், கையைப் பிடித்துக்கொண்டு. தாவரவியல் தோட்டத்து ஆர்கிட் செடிகள் பெரியவர்களுக்குத்தான், டிசம்பர் குளிரில் பூ இல்லாத செடியைக் காட்டி நான்கு வயதுப் பிள்ளையை நிறுத்த முடியாது. குரங்குகள் எல்லா இடத்திலும் உண்டு. பிஸ்கெட் பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு அப்புறம் குரங்கைத் திட்டிப் பயனில்லை.

டிசம்பரில் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டச் சொல்வது ஏரியை அல்ல, காபிச் செடியை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபி நட்டார் என்பார்கள். டிசம்பர், ஜனவரி அதன் பழம் பறிக்கும் காலம். சில்வர் ஓக் நிழலில் கிளை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. வேலியோரத்தில் பறித்துக்கொண்டிருக்கிற அக்காக்களிடம் சிரித்துக் கேட்டால் ஒரு பழம் கொடுப்பார்கள். விரலால் அமுக்கினால் வழுவழுவென்று இரண்டு கொட்டை வெளியே குதிக்கும், ஒன்றின் தட்டையான பக்கம் இன்னொன்றோடு ஒட்டியபடி. மேலே உள்ள சதை இனிப்பாகக்கூட இருக்கும். ‘அப்பா குடிக்கிற காபி இதுவா?’ என்று பெரியவள் நம்பவே இல்லை. கறுப்பாக இல்லையே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இதற்கு டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

சோறு? தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் வீட்டிலிருந்தே. அதற்கு நான் காலை நாலரைக்கு எழ வேண்டும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சாப்பிட்டு, ஒரு மணிக்கு வண்டியைத் திருப்பினால் இரண்டாவது வளைவுக்குள் சின்னது தூங்கிவிடும். வீடு வந்து, தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டாலும் தொடரும். முதல் கேள்விக்கு இந்த வழியில்தான் இப்படி ஒரு சுலபமான பதில் இருக்கிறது.

பஸ்? புதிய பேருந்து நிலையத்திலிருந்து போகும், ஒரு மணி நேரம் சொச்சம். ஒரு பிள்ளை என்றால் தாராளமாக. இரண்டு பிள்ளைகளும் பையுமாக, சாயங்காலம் நின்றுகொண்டு இறங்குவது என்றால் கூடாது.

மேட்டூர்

ஓமலூர், மேச்சேரி வழியாக ஐம்பது கிலோமீட்டர், ஒரே நேர் சாலை. வாந்தி இல்லை, குளிர் இல்லை, வாடகை இல்லை. அம்மா உத்தரத்தில் சேலைத் தூளி கட்டி வைத்திருப்பார். சின்னவன் அதில் இரண்டு மணி நேரம் தூங்குவான், வீட்டில் முக்கால் மணியில் எழுகிறவன். சோற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண் வாங்கும் வழி இதுதான்.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். எனக்கு லீவு கிடைத்தது, அம்மாவுக்கு? அறுபது தாண்டி, முழங்கால் வலியோடு இருக்கிறவர். “நீ போய்ப் படுடி, நான் பார்த்துக்கறேன்” என்று சொல்வார். சொன்னபடி பார்த்தும் கொள்வார். நாம் கிளம்பிய மறுநாள்தான் அப்பா போன் செய்து, “உங்கம்மா ரெண்டு நாளா எழுந்திருக்கல” என்பார். அதனால் இரண்டு ராத்திரிக்கு மேல் இல்லை. பாத்திரமும் துணியும் நம் பொறுப்பு. ஒரு வேளைச் சாப்பாட்டை மருமகன் வெளியே வாங்கி வருவார். இந்த ஏற்பாட்டை வண்டி ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது, அங்கே போய்ப் பேசினால் அம்மா விடமாட்டார்.

அணையைக் காட்டாமல் மேட்டூரிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர முடியாது. 1934-ல் கட்டி முடித்தது, கொள்ளும் உயரம் 120 அடி. டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவது வழக்கம் என்பதால், அணையில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில் லீவு நாட்களில் காவிரி ஓடுவதைப் பார்க்கலாம். பூங்காவில் விளையாட இடம் உண்டு. மீன் வறுவல் பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்கு முள்ளும் காரமும் வேண்டாம்.

ஒரு சங்கடம் மட்டும். கிறிஸ்துமஸ் அன்றே போய்விட்டால் இங்கே அத்தை தனியாகக் குடிலுக்கு முன் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்தும் அது பேச்சில் வரும். 27-க்குப் பிறகு போவதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

வீட்டிலேயே

லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்பவர்களிடம் ‘எங்கேயும் போகவில்லை’ என்று சொல்லத்தான் நாம் கூச்சப்படுகிறோம். பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் என்பது குடில் கட்டுவது, ஸ்டார் தொங்கவிடுவது, பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவது. மூன்றும் வீட்டில்தான் இருக்கிறது.

குடில் ஒன்றே ஒரு வாரத்தைத் தின்னும், சரியாகத் திட்டமிட்டால். கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும், தேங்காய் ஓட்டில் மண் போட்டுத் தூவ வேண்டும். 15-ம் தேதி வாக்கில் தூவினால் 24-க்குள் விரல் நீளத்துக்குப் பசும்புல் தயார். தினமும் தண்ணீர் தெளிப்பது பெரியவள் வேலை. தெளிப்பது என்றால் அவள் கணக்கில் ஒரு சொம்பு, அதனால் ஓட்டுக்கு அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். பாறைக்கு, பழுப்புத் தாளைக் கசக்கிக் கறுப்பும் பச்சையும் பூசினால் போதும், கடையில் வாங்க வேண்டாம். பாலன் இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் பொம்மைகளை முதல் நாளே குடிலில் வைத்துவிடாதீர்கள். டிவி ஸ்டாண்டில் ஆரம்பித்து நாளுக்கு ஒரு சாண் நகர்த்தி, அவர்கள் திருநாளான ஜனவரி 6 அன்று குடில் வாசலுக்குக் கொண்டுவரலாம். காலையில் எழுந்ததும் ‘ஒட்டகம் இன்னிக்கு எதுவரைக்கும்?’ என்று ஒரு வேலை இருக்கும். ஒன்றரை வயதுக்காரர் ஆட்டுக்குட்டியை வாயில் போட்டுக்கொள்வார் என்பதால் குடில் தரையில் வேண்டாம், மேசை மேலே.

வீட்டில் இருப்பவர்களுக்குள்ளேயே இன்னொரு ஒப்பீடு வரும்: 24 நள்ளிரவுப் பூசையா, 25 காலைப் பூசையா? அரிசிப்பாளையம் குழந்தை இயேசு பேராலயத்துக்கு நள்ளிரவில் போனவர்களுக்குக் கூட்டம் எப்படி என்று தெரியும். பந்தலில்தான் இடம், அதுவும் சீக்கிரம் போனால். பத்து மணிக்குத் தூங்கிய பிள்ளையை எழுப்பி, புதுச்சட்டை போட்டு, குல்லா மாட்டிக் கூட்டிப்போனால், பாலன் இயேசுவைக் குடிலில் வைத்து மணியடிக்கும் அந்த நிமிடத்தில் அது தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். அல்லது மணிச் சத்தத்தில் வீறிடும். காலைப் பூசையில் அந்த நிமிடம் கிடையாது, ஆனால் பிள்ளை விழித்திருக்கும். பிரித்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டு வழி. கேட்டுக் கேட்டுத் துளைக்கும் பெரியவளைக் கூட்டிக்கொண்டு அப்பா நள்ளிரவுக்கு, நானும் அத்தையும் சின்னவனோடு காலைக்கு. குடும்பமாகப் போகவில்லையே என்று ஒரு சித்தி கேட்பார். கேட்கட்டும். பேராலயக் குடிலைப் பார்ப்பதற்கு 26 சாயங்காலம் நால்வருமாகப் போவோம். அன்று முன்வரிசையில் நின்று பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், பின்னாலிருந்து யாரும் தள்ளமாட்டார்கள்.

கஷ்டம் 26-க்குப் பிறகுதான். விருந்தாளிகள் போயாயிற்று, முறுக்கு டப்பாவில் தூள் மட்டும் மிச்சம், காலை பதினொரு மணி. இந்தப் பதினொரு மணிக்குத்தான் போன் கேட்டு அழுகை ஆரம்பிக்கும். வீட்டிலேயே இருப்பது செலவில் கடைசி, வேலையில் முதல். இதைச் சொல்லாமல் ‘வீடுதான் சொர்க்கம்’ என்பவர்கள் அடுப்பங்கரைப் பக்கம் வராதவர்கள். ஒரு அரைநாள் மலையடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போகலாம். வளைவே இல்லாமல் மலைக்குப் போன மாதிரி இருக்கும், மரநிழலில் பிள்ளைகள் நடப்பார்கள். மற்ற நாட்களுக்கு நான் கேட்பது இரண்டு: தினம் ஒரு வேளை அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அப்பா வீட்டில் இருக்கும் நாளில் பத்திலிருந்து பன்னிரண்டுவரை பிள்ளைகள் அவர் கையில். சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் வாங்கிவிட்டால் அன்றைய டிபன் கணக்கும் முடிந்தது. பெரியவளுக்குச் சட்னி இல்லாமல் காரட், பீட்ரூட் துருவல் மட்டும் வைத்துக் கொடுக்கச் சொன்னால் கடைக்காரரே செய்து தருவார்.

எங்கள் வீட்டு முடிவு

24-லிருந்து 26 வரை சேலம், 27 காலை மேட்டூர், 29 திரும்புவது. மலையை அந்த வாரத்திலிருந்தே எடுத்துவிட்டோம். இதற்கு ஒரு எளிய காரணம் இருக்கிறது. லீவு நாளில்தான் மலைக்குப் போக வேண்டும் என்பது பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குத்தான் பொருந்தும். யு.கே.ஜி. பிள்ளை ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டம் போட்டால் எந்தப் பரீட்சையும் தவறிவிடாது. அப்பா ஒரு சி.எல். எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஜனவரியிலும் காபிப் பழம் இருக்கும், குளிர் இருக்கும். கூட்டமும் எகிறிய வாடகையும் இருக்காது. அன்று ஆறரைக்குப் பதில் ஏழரைக்குக் கிளம்பினாலும் தப்பில்லை.

உங்கள் வீட்டில் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று ஒரு பிள்ளை இருந்தால் இந்தத் தந்திரம் ஓடாது. அப்படியானால் 29, 30 தேதிகளில் சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளைப் பிடித்து, விடியற்காலையில் ஏறி மத்தியானம் இறங்கிவிடுங்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் அம்மா வீடு தவிர வேறெங்கும் வேண்டாம். சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்து மலையில் ரூம் போட்டு ‘நீங்களும் வாங்க’ என்று கூப்பிட்டால், ரூமுக்கு அவர்கள், காலையில் ஏறி மத்தியானம் இறங்குவதற்கு நீங்கள். அவர்கள் ரூமில் சின்னதைத் தூங்கவைத்துக்கொள்ளவும் முடியும்.

இந்த முடிவை அத்தையிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு. “சின்னவனை எதுக்கு இழுத்துட்டுப் போறீங்க? மத்தியானம் வரைக்கும் நான் பார்த்துக்க மாட்டேனா?” நான்கு வழிகளையும் போட்டுப் புரட்டிய எங்களுக்கு இந்த ஐந்தாவது வழி தோன்றவே இல்லை. காலை டிபனும் மத்தியானச் சாப்பாடும் செய்து வைத்துவிட்டுத்தான் போவேன் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். கைக்குழந்தை இல்லை என்றால் காரும் வேண்டாம். பெரியவளும் நாங்கள் இருவருமாகப் புதிய பேருந்து நிலையத்தில் காலை பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஓட்டும் வேலை இல்லாததால் அவள் அப்பாவும் இந்தத் தடவை வளைவுகளை எண்ணலாம்.